சத்தம் வராத கம்ப்யூட்டர்: அறிகுறியை வைத்துப் பழுதைப் பிடிப்பது எப்படி

தெருவிலும் சொந்தக்காரர்கள் வீட்டிலும் கம்ப்யூட்டர் சத்தம் போய்விட்டது என்று கூப்பிட்டால் நான் போய்ப் பார்ப்பது வழக்கம். திரும்பத் திரும்ப வருவது அதே ஏழெட்டுப் பழுதுகள்தான். அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு பைசா செலவில்லை. அப்படியிருந்தும் ‘மதர்போர்டு மாத்தணும்’, ‘ஃபார்மட் அடிக்கணும்’ என்று கேட்டுவிட்டுப் பயந்துபோய் உட்கார்ந்திருப்பவர்களைப் பார்க்கும்போது மனம் வருத்தப்படுகிறது. அதனால்தான் இதை எழுதிவைக்கிறேன். விண்டோஸ் 10, விண்டோஸ் 11 இரண்டுக்கும் இது பொருந்தும். உங்கள் வீட்டில் என்ன நடக்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஆனால் அதற்கு முன் அடுத்த பகுதியை மட்டும் எல்லாரும் செய்துவிடுங்கள்.

எந்த அறிகுறியானாலும் முதலில்: மாற்றிப் பார்த்தல்

பழுது மூன்றில் ஒன்றில் இருக்கும்: கம்ப்யூட்டர், நடுவில் வரும் வயர், ஹெட்போன் அல்லது ஸ்பீக்கர். எது என்று தெரியாமல் எதையும் கழற்றாதீர்கள், எதையும் வாங்காதீர்கள்.

உங்கள் ஹெட்போனை போனிலோ டிவியிலோ குத்திப் பாருங்கள். நன்றாகக் கேட்டால் ஹெட்போன் நல்லது. பிறகு, நன்றாக வேலை செய்யும் வேறொரு இயர்போனைக் கம்ப்யூட்டரில் குத்துங்கள். அதிலும் சத்தம் இல்லையென்றால் பழுது கம்ப்யூட்டர் பக்கம். ஸ்பீக்கருக்கும் இதே சோதனைதான்: அதன் பின்னைப் போனில் குத்தி ஒரு பாட்டைப் போடுங்கள். போனில் ஜாக் இல்லாவிட்டால் பழைய எஃப்எம் ரேடியோவின் இயர்போன் துளைகூடப் போதும். இரண்டு நிமிட வேலை இது. இதைச் செய்யாமல் டிரைவரை (ஆடியோ கருவியை விண்டோஸோடு பேசவைக்கும் மென்பொருளை) அழித்துவிட்டு, கடைசியில் வயர் அறுந்திருந்ததைக் கண்டுபிடித்தவர்கள் நிறையப் பேர்.

அறிகுறி 1: சத்தமே இல்லை, ஆனால் கீழே ஸ்பீக்கர் படம் சாதாரணமாகத் தெரிகிறது

*ஸ்பீக்கர் பக்கம்.* பவர் லைட் எரிகிறதா, அடாப்டர் சூடாக இருக்கிறதா, வால்யூம் குமிழ் திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். 2.1 ஸ்பீக்கர்களில் (இரண்டு சின்னப் பெட்டி, ஒரு பேஸ் பெட்டி) ஆக்ஸ் (வயர் வழி), ப்ளூடூத், யுஎஸ்பி என்று மாறும் பொத்தான் உண்டு. மின்சாரம் போய் வந்தால் பல மாடல்கள் தானாகவே ப்ளூடூத்துக்குப் போய் நின்றுவிடும். ரிமோட்டில் ஆக்ஸ் அழுத்தினால் சத்தம் வந்துவிடும்.

*எந்தத் துளை.* டெஸ்க்டாப்பின் பின்புறம் பச்சைத் துளைதான் ஸ்பீக்கருக்கு. இளஞ்சிவப்பு மைக்குக்கு, நீலம் வெளியிலிருந்து சத்தத்தை உள்ளே கொண்டுவருவதற்கு. வீட்டில் துடைத்துச் சுத்தம் செய்த மறுநாள் சத்தம் போனால் முதலில் பார்க்க வேண்டியது இதுதான்.

*எந்தக் கருவிக்குச் சத்தம் போகிறது.* இந்தப் பட்டியலில் நான் அதிகம் பார்த்த காரணம் இது. எச்டிஎம்ஐ வயரில் மானிட்டரோ டிவியோ இணைத்திருந்தால், விண்டோஸ் சத்தத்தை அங்கே அனுப்பிவிடும். பல மானிட்டர்களுக்கு ஸ்பீக்கரே இருக்காது. ஸ்பீக்கர் படத்தைச் சொடுக்கி, பக்கத்தில் உள்ள அம்புக்குறியை அழுத்தினால் கருவிகளின் பட்டியல் வரும். மானிட்டரின் பெயர் தேர்வாகியிருந்தால் அதை விட்டு ‘ஸ்பீக்கர்ஸ்’ அல்லது ‘ஹெட்போன்ஸ்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். விண்டோஸ் 11இன் புதிய பதிப்புகளில் விண்டோஸ் கீ, கண்ட்ரோல் கீ, வி எழுத்து மூன்றையும் சேர்த்து அழுத்தினால் இந்த இடத்துக்கே நேராகப் போகலாம்.

*ஒரு செயலி மட்டும் ஊமையா.* யூடியூப் பேசவில்லை, விஎல்சி பிளேயர் பேசுகிறது என்றால், பிரவுசர் டேபின் மேல் குறுக்குக்கோடு போட்ட ஸ்பீக்கர் படம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அந்த டேபின் மேல் வலது சொடுக்கு, ‘அன்மியூட்’. அடுத்து வால்யூம் மிக்ஸரைத் திறந்து, அந்தச் செயலியின் கோடு பூஜ்யத்தில் கிடக்கிறதா என்று பாருங்கள்.

*முன்பக்கத் துளையில் மட்டும் சத்தம் இல்லை, பின்பக்கம் வருகிறது.* கேபினெட்டின் முன் துளையிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் சின்ன வயர் கழன்றிருக்கும். ரேமோ ஃபேனோ மாற்றிய பிறகு இது நடந்திருந்தால் ஏறக்குறைய உறுதி. மெயின் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றுங்கள். மதர்போர்டின் கீழ்விளிம்பில் ஆடியோ என்று எழுதிய இடத்தில் ஒன்பது ஊசிகள் இருக்கும். அந்த வயரில் இரண்டு தலைகள் இருந்தால் எச்டி ஆடியோ என்று எழுதியதைத்தான் மாட்ட வேண்டும், ஏசி97 என்பதை அல்ல. ஊசி இல்லாத இடத்தில் தலையின் துளையும் அடைத்திருக்கும், அதனால் தப்பாக மாட்ட முடியாது. பலத்தைக் காட்டி அழுத்தினால் ஊசி வளையும்.

அறிகுறி 2: ஸ்பீக்கர் படத்தில் சிவப்புப் பெருக்கல் குறி, ‘ஆடியோ கருவி எதுவும் இல்லை’ என்ற செய்தி

முதலில் ரீஸ்டார்ட். ஷட் டவுன் செய்து மறுபடி போடுவது இதற்கு ஈடாகாது. விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வசதி இயங்கினால், ஷட் டவுன் செய்யும்போது பழைய நிலையின் ஒரு பகுதியைச் சேமித்துவைத்து, அடுத்த முறை அதையே எடுத்துக்கொள்ளும். ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாகத் தொடங்கும்.

போகவில்லையென்றால் ஸ்டார்ட் பொத்தானின் மேல் வலது சொடுக்கு, டிவைஸ் மேனேஜர். அதில் சவுண்ட், வீடியோ, கேம் கண்ட்ரோலர்கள் உள்ள பகுதியைத் திறங்கள்.

கருவியின் மேல் கீழ்நோக்கிய அம்பு இருந்தால் யாரோ அதை நிறுத்திவைத்திருக்கிறார்கள். வலது சொடுக்கில் ‘எனேபிள்’ கொடுத்தால் முடிந்தது.

மஞ்சள் முக்கோணம் இருந்தால் டிரைவர் பிரச்சினை. விண்டோஸ் அப்டேட் ஆன பிறகுதான் சத்தம் போனது என்றால், கருவியின் ப்ராப்பர்ட்டீஸில் டிரைவர் பக்கத்தில் ‘ரோல் பேக்’ பொத்தான் உயிரோடு இருக்கிறதா பார்த்து அழுத்துங்கள். இல்லையென்றால் ‘அன்இன்ஸ்டால் டிவைஸ்’ கொடுத்துவிட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். விண்டோஸ் தானே ஒரு டிரைவரைப் போட்டுக்கொள்ளும். அதுவும் சரிவராவிட்டால், லேப்டாப் அல்லது மதர்போர்டு தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் உங்கள் மாடல் எண்ணைக் கொடுத்து ஆடியோ டிரைவரை இறக்குங்கள். பெரும்பாலும் ரியல்டெக் என்ற பெயரில் இருக்கும். ‘எல்லா டிரைவரையும் ஒரே சொடுக்கில் புதுப்பிக்கிறோம்’ என்று விளம்பரம் செய்யும் செயலிகள் பக்கம் போகவே வேண்டாம். தப்பான டிரைவரைப் போட்டு இன்னும் கெடுத்துவைத்த கம்ப்யூட்டர்களைச் சரிசெய்வதுதான் அதிக நேரம் எடுக்கும் வேலை.

கருவியே பட்டியலில் இல்லையென்றால் பயாஸில் (விண்டோஸ் தொடங்கும் முன் திறக்கும் மதர்போர்டின் செட்டிங்ஸ் திரையில்) ஆன்போர்டு ஆடியோ அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அங்கேயும் இயங்குகிறது, இங்கே மட்டும் காணவில்லை என்றால் மதர்போர்டில் உள்ள ஆடியோ சிப் போயிருக்கலாம்.

இங்கேதான் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆடியோ சிப் போனால் மதர்போர்டு மாற்றத் தேவையில்லை. பென்டிரைவ் அளவில் யுஎஸ்பி சவுண்ட் கார்டு கிடைக்கிறது. சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ரிட்சி தெருவிலோ ஆன்லைனிலோ சில நூறு ரூபாய்தான். யுஎஸ்பி துளையில் செருகினால் விண்டோஸ் தானாகவே அடையாளம் கண்டுகொள்ளும். அதன் துளையில் உங்கள் பழைய ஸ்பீக்கரைக் குத்திக்கொள்ளலாம். மற்றபடி நன்றாக ஓடும் கம்ப்யூட்டருக்குச் சத்தத்துக்காக மட்டும் மதர்போர்டு மாற்றச் சொன்னால் சம்மதிக்காதீர்கள்.

அறிகுறி 3: ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது

செட்டிங்ஸ், சிஸ்டம், சவுண்ட் என்று போய், உங்கள் கருவியைச் சொடுக்கினால் இடது, வலது என்று இரண்டு கோடுகள் வரும். இரண்டும் ஒரே எண்ணில் இருக்க வேண்டும். குழந்தைகள் கைபட்டு ஒன்று பூஜ்யமாகியிருப்பதுண்டு.

அது சரியென்றால் பின்னை முழுவதும் உள்ளே தள்ளுங்கள். ‘டக்’கென்று உட்கார வேண்டும். சில பின்களின் தடித்த பிளாஸ்டிக் விளிம்பு, டெஸ்க்டாப்பின் முன் துளையில் முழுதாக இறங்க விடாது.

*ஹெட்போனில்தான் பழுது என்று மாற்றிப் பார்த்ததில் தெரிந்தால்:* பாட்டைப் போட்டுவிட்டு, பின்னுக்கு மேலே உள்ள வயரின் கழுத்தை மெதுவாக இப்படியும் அப்படியும் வளையுங்கள். போன பக்கம் வந்து வந்து போனால் அங்கேதான் அறுந்திருக்கிறது. ஹெட்போனின் காதுப் பகுதிக்குள் வயர் நுழையும் இடத்திலும் இதே போலப் பாருங்கள். சால்டரிங் தெரிந்தவரிடம் கொடுத்தால் பழுதான இரண்டு அங்குலத்தை வெட்டிவிட்டுப் புதுப் பின் வைத்துக் கொடுப்பார். நீங்களே செய்வதானால், உள்ளே உள்ள மெல்லிய கம்பிகளின் மேல் வண்ண எனாமல் பூச்சு இருக்கும். அதைச் சால்டரிங் அயர்ன் சூட்டில் எரித்து நீக்காமல் ஒட்ட முடியாது. பொதுவாகச் சிவப்பு வலது, பச்சை அல்லது நீலம் இடது, செம்பு நிறம் கிரவுண்ட் (இரண்டு பக்கத்துக்கும் பொதுவான கம்பி). மலிவான இயர்போனுக்கு இந்த உழைப்பு வேண்டாம். நல்ல ஹெட்போனுக்கு நிச்சயம் செய்யலாம்.

*2.1 ஸ்பீக்கரில் ஒரு பெட்டி பேசவில்லையென்றால்:* ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, பின்னால் இடது பெட்டியின் வயரையும் வலது பெட்டியின் வயரையும் இடம் மாற்றி மாட்டுங்கள். ஊமையான அதே பெட்டி இப்போதும் ஊமை என்றால் பெட்டியோ அதன் வயரோ பழுது. பேசாமலிருந்த பெட்டி இப்போது பேசி, மற்றது ஊமையானால் பெட்டிகள் இரண்டும் நல்லவை. பிரச்சினை ஆம்ப்ளிஃபயரிலோ கம்ப்யூட்டரிலிருந்து வரும் வயரிலோ இருக்கிறது. அந்த வயரின் சிவப்பு, வெள்ளைப் பின்களை மாற்றிக் குத்திப் பாருங்கள். ஊமைப் பக்கம் மாறினால் வயர் அல்லது கம்ப்யூட்டர், மாறாவிட்டால் ஆம்ப்ளிஃபயர்.

பெட்டிக்குள் இருக்கும் ஸ்பீக்கருக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க, அதை ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் பென் பேட்டரியின் இரு முனைகளில் அதன் வயர்களை ஒரு நொடி மட்டும் தொட்டு எடுங்கள். ‘டப்’ என்று கேட்டால் ஸ்பீக்கருக்குள் இருக்கும் கம்பிச்சுருள் (காயில்) நன்றாக இருக்கிறது. மல்டிமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு: 4 ஓம் ஸ்பீக்கர் அளந்தால் 4க்குச் சற்றுக் குறைவாகவே காட்டும், அது சரிதான்.

வீட்டில் ஒரு காது மட்டும் கேட்கும் பெரியவர்கள் இருந்தால், செட்டிங்ஸின் ஆக்சஸிபிலிட்டியில் (விண்டோஸ் 10இல் ‘ஈஸ் ஆஃப் ஆக்சஸ்’) உள்ள ‘மோனோ ஆடியோ’வை ஆன் செய்து கொடுங்கள். இரண்டு பக்கச் சத்தமும் ஒரு காதிலேயே முழுதாக வரும். ஒரு பக்கம் அறுந்த ஹெட்போனை வைத்துக்கொண்டு அன்றைய ஆன்லைன் வகுப்பைச் சமாளிக்கவும் இது உதவும்.

அறிகுறி 4: இசை கேட்கிறது, குரல் கேட்கவில்லை

*எல்லாப் பாட்டிலும் இப்படி, ஹெட்போனில்.* பின் முழுதாக உள்ளே போகவில்லை, அல்லது கிரவுண்ட் கம்பி அறுந்திருக்கிறது. குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலத் தேய்ந்து, பின்னணி வாத்தியங்கள் மட்டும் கேட்கும். ஹெட்போனின் வயரில் மைக் பொத்தான் இருந்தால் அதை அழுத்திப் பிடியுங்கள். பிடித்திருக்கும்போது மட்டும் குரல் சரியானால், அந்த ஹெட்செட்டின் பின் அமைப்பு உங்கள் துளைக்குப் பொருந்தவில்லை. அதற்கான மாற்று அடாப்டர் தனியாகக் கிடைக்கிறது.

*சினிமாவில் மட்டும் இப்படி.* படத்தின் ஒலி 5.1ஆக (ஐந்து ஸ்பீக்கர், ஒரு பேஸ் பெட்டிக்கு) பதிந்திருக்கும். வசனம் அதில் நடு ஸ்பீக்கருக்குப் போகும். உங்களிடம் இருப்பது இரண்டே ஸ்பீக்கர், ஆனால் விண்டோஸில் 5.1 என்று இருந்தால் வசனம் இல்லாத ஸ்பீக்கருக்குப் போய்விடும். சவுண்ட் செட்டிங்ஸின் கீழே ‘மோர் சவுண்ட் செட்டிங்ஸ்’ (விண்டோஸ் 10இல் ‘சவுண்ட் கண்ட்ரோல் பேனல்’) திறந்து, உங்கள் ஸ்பீக்கரைத் தேர்ந்து, ‘கான்ஃபிகர்’ அழுத்தி ஸ்டீரியோ என்று மாற்றுங்கள். விஎல்சியிலும் ஆடியோ மெனுவில் ஸ்டீரியோ மோடு உண்டு. உண்மையிலேயே 5.1 செட் வைத்திருப்பவர்கள் நடு ஸ்பீக்கரின் வயரைப் பாருங்கள்.

அறிகுறி 5: கரகரப்பு, பட் பட் என்று விட்டு விட்டு வருவது

குமிழைத் திருப்பும்போது மட்டும் கரகரத்தால் வால்யூம் கண்ட்ரோலுக்குள் தூசி. ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, குமிழை இரு முனைகளுக்கும் இருபது முப்பது தடவை திருப்புங்கள். கொஞ்ச நாளைக்குத் தாங்கும். நிரந்தரத் தீர்வு கான்டாக்ட் கிளீனர் ஸ்பிரே அல்லது புதுக் கண்ட்ரோல்.

சத்தம் கூட்டும்போது மட்டும் கிழிகிறது என்றால் விஎல்சியின் வால்யூமை 100க்குள் கொண்டுவாருங்கள். இசை மேம்பாட்டுச் செயலிகளில் பேஸைக் குறையுங்கள். அதன் பிறகும் கிழிந்தால் ஸ்பீக்கரின் கோனை (முன்னால் அதிரும் கூம்பை) கவனியுங்கள். ஓரத்து ரப்பரோ ஸ்பாஞ்சோ விரிந்திருக்கும். உலர்ந்த கையால் கோனை நான்கு விரலால் சமமாக மெதுவாக உள்ளே அழுத்தினால் உரசும் சத்தம் வரக் கூடாது. வந்தால் காயில் உரசுகிறது. பெரிய ஸ்பீக்கருக்குக் கோன் மாற்றும் கடைகள் பல ஊர்களில் இருக்கின்றன. சின்னதற்குப் புதிதே மேல்.

வயரை அசைத்தால் கூடிக் குறைந்தால் மேலே ஹெட்போனுக்குச் சொன்னதுதான்.

எதையும் தொடாமலே, கம்ப்யூட்டர் வேலை செய்யும்போது விட்டு விட்டு வந்தால், அந்தக் கருவியின் செட்டிங்ஸில் ‘ஆடியோ என்ஹான்ஸ்மென்ட்ஸ்’ என்பதை அணையுங்கள். அங்கேயே ஒலியின் ஃபார்மட்டை 16 பிட், 48000 ஹெர்ட்ஸ் என்று மாற்றிப் பாருங்கள். யுஎஸ்பி ஹெட்செட்டாக இருந்தால் ஹப்பிலிருந்து எடுத்து, கேபினெட்டின் பின்பக்கத் துளையில் நேரடியாகச் செருகுங்கள்.

அறிகுறி 6: ‘உம்ம்ம்’ என்ற ரீங்காரம்

ஸ்பீக்கரை ஆன் செய்தபடியே, கம்ப்யூட்டரில் குத்திய பின்னை மட்டும் பிடுங்கி மேஜைமேல் வையுங்கள். பின்னின் உலோகத்தை விரலால் தொட்டால் எந்த நல்ல ஸ்பீக்கரும் ரீங்கரிக்கும், அதைப் பழுது என்று எண்ண வேண்டாம்.

*பிடுங்கிய பிறகும் ரீங்காரம் நிற்கவில்லை, வால்யூமைக் குறைத்தாலும் குறையவில்லை.* ஸ்பீக்கரின் பவர் பகுதியில் கெப்பாசிட்டர் உப்பியிருக்க வாய்ப்பு அதிகம். நல்ல மெக்கானிக்குக்குச் சின்ன வேலை. நீங்கள் திறக்க வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கியிருக்கும்.

*பிடுங்கியதும் நின்றுவிட்டது.* லேப்டாப் என்றால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். ரீங்காரம் போனால் சார்ஜர் வழியாக வருகிறது. கம்ப்யூட்டரும் ஸ்பீக்கரும் வெவ்வேறு பிளக் பாயின்ட்டில் இருந்தால், இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டுங்கள். கேபிள் டிவி வயர் இணைந்த டிவியை எச்டிஎம்ஐயில் மாட்டியிருந்தால் அந்த டிவி வயரை ஒருமுறை கழற்றிப் பாருங்கள், பல வீடுகளில் ரீங்காரம் அதன் வழியாகத்தான் வருகிறது. எதுவும் சரிவராவிட்டால் கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்ற சின்ன டப்பா வாங்கி, ஸ்பீக்கர் வயருக்கு நடுவில் மாட்டலாம்.

ரீங்காரத்தோடு கேபினெட் தகட்டைத் தொட்டால் சுரீரென்று பிடிக்கிறதா? சத்தத்தை மறந்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். வீட்டு எர்த் இணைப்பு சரியில்லை. ரீங்காரம் நிற்கிறது என்பதற்காக மூன்று முனைப் பிளக்கின் எர்த் முனையை உடைத்துவிடும் பழக்கம் இருக்கிறது. அதைச் செய்யவே கூடாது, 230 வோல்ட் கேபினெட்டில் ஏறினால் உயிர் போகும்.

மவுசை நகர்த்தும்போது கீச் கீச் என்று கேட்டால், முன் துளையை விட்டுப் பின் துளைக்கு மாறுங்கள். அங்கேயும் கேட்டால் யுஎஸ்பி சவுண்ட் கார்டு. ‘டிட் டிட் டிட்’ என்று அவ்வப்போது வந்தால் ஸ்பீக்கர் பக்கத்தில் பட்டன் போன் கிடக்கும், தள்ளி வையுங்கள்.

அறிகுறி 7: ப்ளூடூத் ஹெட்போன் தொல்லைகள்

*பாட்டு நன்றாக இருக்கிறது, மீட்டிங்கில் சேர்ந்ததும் சத்தம் தகர டப்பாவாகிறது.* ஹெட்போன் பழுதில்லை. அதன் மைக்கைத் திறந்தவுடன் ப்ளூடூத் தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடுகிறது. ஜூம், மீட் போன்ற செயலிகளின் செட்டிங்ஸில் மைக்காக லேப்டாப்பின் சொந்த மைக்கைத் தேர்ந்தெடுங்கள், கேட்க மட்டும் ஹெட்போனை வையுங்கள். இது தெரியாமல் ஹெட்போனைத் திருப்பி அனுப்பியவர்கள் ஏராளம்.

*இணைந்திருக்கிறது, சத்தம் இல்லை.* பக்கத்து அறையில் இருக்கும் உங்கள் போன் அதைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். போனின் ப்ளூடூத்தை அணையுங்கள். அப்போதும் இல்லையென்றால் கம்ப்யூட்டரில் ‘ரிமூவ்’ செய்து புதிதாக இணையுங்கள்.

*விட்டு விட்டு வருகிறது.* யுஎஸ்பியில் செருகும் ப்ளூடூத் டாங்கிள் கேபினெட்டின் பின்னால், யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க்குக்குப் பக்கத்தில் இருந்தால் இரண்டும் மோதும். ஒரு யுஎஸ்பி நீட்டிப்பு வயரில் டாங்கிளை மேஜைமேல் கொண்டுவாருங்கள். வைஃபையை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுவதும் உதவும்.

*உதடு முன்னே, சத்தம் பின்னே.* விஎல்சியில் ஜே எழுத்தை அழுத்த அழுத்த ஒவ்வொரு தடவையும் சத்தம் 50 மில்லிசெகண்ட் முன்னால் வரும்.

அறிகுறி 8: ஹெட்போனைப் பிடுங்கிய பிறகும் லேப்டாப் ஸ்பீக்கர் பேசவில்லை

ஹெட்போன் குத்தியிருப்பதை உணர்வதற்காகத் துளைக்குள் இருக்கும் சின்ன உலோக இதழ் சிக்கிக்கொண்டது. பின்னைப் பத்துப் பதினைந்து தடவை மெதுவாகக் குத்தி எடுங்கள். டார்ச் அடித்து, உடைந்த பின் முனையோ பஞ்சோ உள்ளே இருக்கிறதா என்று பாருங்கள். லேப்டாப்பை முழுதாக அணைத்துவிட்டு, பின்னின்மேல் ஐசோப்ரொபைல் ஆல்கஹால் லேசாகத் தடவிச் செருகி எடுக்கலாம். சானிடைசர், தேங்காய் எண்ணெய் வேண்டாம், அவை துளைக்குள் ஒட்டிக்கொண்டு தூசியைச் சேர்க்கும். கடலோர ஊர்களில் உப்புக்காற்றால் இந்தத் துளைகள் சீக்கிரம் களிம்பேறும்.

அறிகுறி 9: அழைப்பு வந்தால் மற்ற சத்தமெல்லாம் தணிந்துவிடுகிறது

‘மோர் சவுண்ட் செட்டிங்ஸ்’ உள்ளே கம்யூனிகேஷன்ஸ் பக்கத்தில், மற்ற சத்தத்தை 80 விழுக்காடு குறை என்று விண்டோஸ் வைத்திருக்கும். ‘டூ நத்திங்’ என்று மாற்றுங்கள்.

அறிகுறி 10: கேட்கிறது, ஆனால் நாம் பேசுவது போகவில்லை

ஹெட்செட்டின் பின்னில் மூன்று கறுப்பு வளையங்கள் இருந்து, டெஸ்க்டாப்பில் மைக்குக்கும் ஹெட்போனுக்கும் தனித்தனித் துளைகள் இருந்தால், ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டர் வயர் வேண்டும். லேப்டாப் என்றால் செட்டிங்ஸில் பிரைவசி பகுதியில் மைக்ரோபோன் அனுமதி ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள்.

எப்போது கடைக்குப் போக வேண்டும்

ஸ்பீக்கரிலிருந்து கருகல் வாடை வந்தால் உடனே. ஆம்ப்ளிஃபயரைத் திறக்க வேண்டிய எதற்கும். லேப்டாப்பின் ஜாக் ஆடினாலோ உள்ளே பின் முனை உடைந்து நின்றாலோ. உத்தரவாதக் காலம் முடியாத கருவி என்றால் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடாமல் சர்வீஸ் சென்டருக்கே.

போகும்போது எந்த அறிகுறி, எதையெல்லாம் மாற்றிப் பார்த்தீர்கள், எதில் சரியாகக் கேட்டது என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். கம்ப்யூட்டரைக் கொடுப்பதானால் முக்கியமான படங்கள், கோப்புகளைப் பென்டிரைவில் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். ஃபார்மட் செய்யப் போவதாகச் சொன்னால், முதலில் யுஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்றை மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். அதில் சத்தம் வந்தால் ஃபார்மட்டும் தேவையில்லை, மதர்போர்டும் தேவையில்லை, அந்தக் கார்டையே வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடலாம்.